கயிறு திரித்த தெருவில் விடியும் வரை: ஹாம்பர்க் பயணக் குறிப்புகள்

வியாழன், இரவு 11:30

பெர்லினில் அலுவலக வேலை நேற்றே முடிந்துவிட்டது. மிச்சமிருந்த விடுப்பைச் சேர்த்துப் போட்டுக்கொண்டு ஹாம்பர்க்கில் படிக்கும் தம்பியிடம் வந்துவிட்டேன். ரயிலில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். நடைமேடையில் காத்திருந்தவன் கையைத் தூக்கி, "மொய்ன் அக்கா!" என்றான்.

மொய்ன் என்பது இந்த ஊர் வணக்கம். காலையானாலும் நடுராத்திரியானாலும் அதே சொல்தான். "ஒரு தடவை சொன்னா போதும். மொய்ன் மொய்ன்னு ரெண்டு தடவை சொன்னா, வாயாடின்னு நினைப்பாங்க" என்றான். சுருக்கமாகப் பேசும் மக்கள் என்று அந்த ஒரு சொல்லிலேயே தெரிந்துவிட்டது.

பெட்டியை அறையில் வைத்த கையோடு, "முதல்ல துறைமுகம்" என்றேன். தூத்துக்குடியில் பிறந்தவர்களுக்கு ஒரு ஊரை வேறு எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது என்று தெரியாது.

ஹாம்பர்க் கடலோரத்தில் இல்லை. எல்பே ஆற்றில், வடகடலிலிருந்து 100 கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே தள்ளி இருக்கிறது. ஆனாலும் ராட்டர்டாமுக்கும் ஆண்ட்வெர்ப்புக்கும் அடுத்தபடியாக ஐரோப்பாவின் பெரிய துறைமுகம் இதுதான். கடலின் ஏற்றமும் வற்றமும் ஆற்று வழியாக இத்தனை தூரம் வந்து சேர்கின்றன. தண்ணீர் ஒரு நாளில் இரண்டு தடவை மூன்று மீட்டருக்கும் மேல் ஏறி இறங்குகிறது. எங்கள் ஊரில் ஒரு மீட்டர் ஏறினாலே பெரிது. லாண்டுங்ஸ்ப்ரூக்கன் என்ற படகுத்துறை முழுவதும் மிதவைகள்தான். கரையையும் மிதவையையும் இணைக்கும் நடைபாலங்கள் தண்ணீர் ஏறும்போது படுத்துக்கொள்கின்றன, வற்றும்போது செங்குத்தாகச் சரிகின்றன. நாங்கள் போனது வற்றம் முடிகிற நேரம். தள்ளுவண்டியில் குழந்தையோடு வந்த ஒரு பெண் பின்பக்கமாகத் திரும்பி, மெதுவாக இறங்கினார். இந்த ஊரில் தண்ணீர் சொல்கிறபடிதான் நடக்க வேண்டும் போலிருக்கிறது.

அங்கேயே ஃபிஷ்ப்ரோட்ஷென் வாங்கினோம். மொறுமொறுப்பான சின்ன ரொட்டியைப் பிளந்து, உள்ளே மீனும் பச்சை வெங்காயமும் வைத்துத் தருகிறார்கள். வினிகரில் ஊறிய ஹெர்ரிங் மீன் ஒரு வகை. பொரித்த மீன் ஒரு வகை. நான் கேட்டு வாங்கியது மாட்யெஸ். முட்டையிடும் பருவத்துக்கு முன்பே பிடித்த இளம் ஹெர்ரிங்கை உப்பில் பதப்படுத்தியது. ஜூன் மாதம்தான் புதுசு வரும் காலம். நெருப்பே படாத மீன் என்று முதலில் கொஞ்சம் தயங்கினேன். வாயில் வைத்ததும் வெண்ணெய் மாதிரி கரைந்தது. உப்பு அளவாக, கவிச்சி துளியும் இல்லாமல். இன்னொன்று வாங்கினேன்.

தம்பி எடுத்தது சின்னஞ்சிறு வடகடல் இறால் வைத்தது. அந்த இறாலுக்கு ஒரு கதை சொன்னான். இங்கே பிடிக்கும் இறாலில் பெரும்பகுதி, குளிரூட்டிய லாரிகளில் மொரோக்கோ வரை போய், அங்கே பெண்கள் கையால் ஓடு உரித்து, மறுபடி இங்கே வருகிறதாம். கூலி அங்கே குறைவு என்பதுதான் காரணம். இறால் ஆலைகளில் விடிகாலை முதல் நின்றபடி உரிக்கும் எங்கள் ஊர்ப் பெண்களின் விரல்களை நினைத்துக்கொண்டேன். ரொட்டி சுவையாகத்தான் இருந்தது. ஆனால் அந்த விரல்கள் மனதை விட்டுப் போகவில்லை.

அப்புறம் 62-ஆம் எண் படகு. நகரப் பேருந்துக்கும் ரயிலுக்கும் எடுக்கும் அதே சீட்டே இதற்கும் போதும். சுற்றுலாப் படகுகளுக்குத் தனியாகப் பணம் கொடுக்க வேண்டாம், இதில் ஏறி மேல்தட்டில் நின்றாலே பாதித் துறைமுகத்தைப் பார்த்துவிடலாம். ஓவெல்கோனெ என்ற இடத்தில் இறங்கினோம். ஆற்றங்கரையில் உண்மையான மணல் கடற்கரை. எதிர்க்கரையில் சரக்குப்பெட்டி முனையம், ஒட்டகச்சிவிங்கிக் கூட்டம் போலப் பாரந்தூக்கிகள். மக்கள் மணலில் துண்டை விரித்துப் படுத்துக்கொண்டு, எட்டு மாடி உயரத்துக்குப் பெட்டிகள் அடுக்கிய கப்பல் ஒன்று திரும்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த மணலில் ஒரு பெரும் பாறை கிடக்கிறது. பெயர் 'கிழட்டு ஸ்வீடன்காரர்'. கப்பல்களுக்காக ஆற்றை ஆழப்படுத்தியபோது 1999-இல் அகப்பட்டது. எடை 217 டன். பனியூழிக் காலத்தில் ஸ்வீடனிலிருந்து பனிப்பாளம் சுமந்து வந்து போட்டுவிட்டுப் போனதாம். இந்தத் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்த முதல் சரக்கு அதுதான் என்று தோன்றியது.

சூரியன் மறைய இரவு பத்து மணி ஆனது. காற்று குளிர்ந்தது. கப்பல் போய் வெகுநேரம் கழித்துத்தான் அதன் அலை கரைக்கு வந்தது.

வெள்ளி, இரவு 10:00

காலைச் சாப்பாடு ஃப்ரான்ஸ்ப்ரோட்ஷென். வெண்ணெய் மடித்த மாவில் பட்டைத்தூளும் சர்க்கரையும் சேர்த்துச் சுருட்டி, நடுவில் அழுத்தி நசுக்கிச் சுடுவது. நெப்போலியன் படை இந்த ஊரைப் பிடித்து வைத்திருந்த காலத்தில், பிரெஞ்சுக்காரர்களின் ரொட்டியைப் பார்த்து ஊர் அடுமனைக்காரர்கள் செய்தது என்று சொல்கிறார்கள். அடிப்பக்கம் உருகி இறுகிய சர்க்கரை இருக்கிறதே, அதுதான் இதன் உயிர்.

இன்று முழுவதும் செங்கல்தான் பார்த்தோம். முதலில் சிலெஹவுஸ். 1922-இலிருந்து 1924-க்குள் ஃப்ரிட்ஸ் ஹோகெர் கட்டிய பத்து மாடி அலுவலகக் கட்டடம். 48 லட்சம் செங்கற்கள். கிழக்கு மூலையில் நின்று அண்ணாந்து பார்த்தால், ஒரு கப்பலின் முனை உங்கள்மேல் ஏறி வருவது போலிருக்கும். கட்டச் சொன்னவர் சிலி நாட்டு வெடியுப்பு வணிகத்தில் பணக்காரரானவர். அதனால்தான் அந்த நாட்டின் பெயர்.

அங்கிருந்து தெற்கே நடந்து கால்வாயைத் தாண்டினால் ஷ்பைஷர்ஷ்டாட், கிடங்கு நகரம். எனக்கு ஹாம்பர்க்கில் மிகவும் பிடித்த இடம் இதுதான். நாளை, மறுநாள் என்ன பார்த்தாலும் இது மாறாது என்று நினைக்கிறேன்.

உலகிலேயே ஒரே தொகுதியாக அமைந்த கிடங்குகளில் மிகப் பெரியது இதுதான். ஓக் மரத் தூண்களை ஆற்றுச் சேற்றில் அடித்து இறக்கி, அவற்றின்மேல் எழுப்பியிருக்கிறார்கள். கட்டக் காரணம் வரி. ஹாம்பர்க் நெடுங்காலம் தனி வணிக நகரமாக இருந்தது. ஜெர்மன் பேரரசின் சுங்க எல்லைக்குள் 1888-இல் சேர்ந்தபோது, துறைமுகத்தின் ஒரு பகுதி மட்டும் வரியில்லாத் துறைமுகமாக இருக்கும் என்று பேரம் பேசி வாங்கிக்கொண்டது. காபி, தேயிலை, கொக்கோ, மிளகு எல்லாம் சுங்கம் கட்டாமலே இங்கே கிடக்கலாம், தரம் பிரிக்கலாம், விலை ஏறும்வரை காத்திருக்கலாம். அந்த ஏற்பாடு 2012-ஆம் ஆண்டு முடிவில்தான் முழுதாக முடிவுக்கு வந்தது. 2015-இல் இந்தக் கிடங்குகளும் சிலெஹவுஸ் பகுதியும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன.

ஒவ்வொரு கிடங்குக்கும் இரண்டு முகம். ஒன்று தெருவைப் பார்க்கும், மற்றது கால்வாயைப் பார்க்கும். கால்வாய்ப் பக்கம் மாடிக்கு மாடி கதவுகள், உச்சியில் ஒரு கப்பி. தண்ணீர் ஏறும் நேரம் பார்த்துப் படகு வரும், மூட்டையைக் கட்டி மேலே இழுப்பார்கள். நாங்கள் பாலத்தில் நின்றபோது தண்ணீர் வற்றிக் கால்வாயின் அடிச்சேறு தெரிந்தது. சுவரின் கீழ்ப்பகுதியில் பாசி படிந்த கோடு. இரண்டு மணி நேரம் கழித்து அதே இடத்துக்கு வந்தால் அந்தக் கோட்டைக் காணவில்லை, தண்ணீர் மூடியிருந்தது.

இதைக் கட்டுவதற்கு முன் இங்கே வீடுகள் இருந்தன. கெர்வீடர், வாண்ட்ராம் என்ற இரண்டு தீவுகளில் குடியிருந்த ஏறத்தாழ 20,000 பேரை வெளியேற்றிவிட்டுத்தான் இந்த அழகு எழுந்தது. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய தொழிலாளிகளும் அவர்களில் இருந்தார்கள். தாங்கள் வாழ்ந்த தெரு இருந்த இடத்துக்கே மறுநாள் மூட்டை தூக்க வந்திருப்பார்கள். தம்பி படிப்பது சரக்குப் போக்குவரத்து. "எங்க வகுப்புல இந்தக் கிடங்கோட கொள்ளளவு சொன்னாங்க அக்கா. இதைச் சொல்லல" என்றான்.

உள்ளே ஒரு மசாலா அருங்காட்சியகம் இருக்கிறது. சின்னதுதான், ஆனால் போக வேண்டிய இடம். எல்லாவற்றையும் தொட்டும் முகர்ந்தும் பார்க்க விடுகிறார்கள். மரப்படி ஏறும்போதே கிராம்பும் பட்டையும் மிளகும் கலந்த வாசம். இந்த ஊரின் பெருவணிகர்களைக் கேலியாக 'மிளகு மூட்டை' என்று அழைப்பது வழக்கமாம். பக்கத்துப் பாலத்தில் வாஸ்கோ ட காமாவுக்கு ஒரு சிலை. எதிரே கொலம்பஸ். மிளகைத் தேடி 1498-இல் கோழிக்கோட்டில் இறங்கியவருக்கு மிளகுக் கிடங்கின் வாசலில் சிலை வைத்தது அவர்கள் கணக்கில் சரி. ஆனால் அதே மனிதர் 1502-இல் மறுபடி வந்து, மெக்காவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த பயணிகள் கப்பலை ஆட்களோடு எரித்ததும் என் நினைவில் இருக்கிறது. அந்தச் சிலையை நான் படம் எடுக்கவில்லை.

இதே கிடங்குகளில் ஒன்றில்தான் புகழ்பெற்ற குட்டி ரயில் உலகம். முன்கூட்டியே சீட்டு எடுத்துவிடுங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நாங்கள் எடுக்கவில்லை, வருத்தமும் இல்லை.

மாலையில் எல்ப்ஃபில்ஹார்மனி. கொக்கோவும் தேயிலையும் புகையிலையும் வைத்திருந்த பழைய செங்கல் கிடங்கின் தலையில், அலை போல வளைந்த கண்ணாடி இசையரங்கை வைத்திருக்கிறார்கள். 2017 ஜனவரியில் திறந்தது. நகரத்தின் செலவு 77 மில்லியன் யூரோ என்று தொடங்கி 789 மில்லியனில் முடிந்தது. ஊரே பல வருடம் இதைத் திட்டித் தீர்த்தது என்றான் தம்பி. இப்போது வருகிறவர்களை அவர்களே முதலில் கூட்டிவருவது இங்கேதான். 82 மீட்டர் நீளமுள்ள, நடுவில் வளைவாக எழும்பும் நகரும் படிக்கட்டில் ஏறிப் போனோம். முனை எங்கே என்று கீழிருந்து தெரியாது. மேலே, 37 மீட்டர் உயரத்தில், கட்டடத்தைச் சுற்றி நடக்க ஒரு மாடம். அங்கிருந்து பார்த்தால் ஒரு பக்கம் கிடங்குகள், ஒரு பக்கம் கோயில் கோபுரங்கள், ஒரு பக்கம் கப்பல் பழுதுபார்க்கும் மிதவைத் துறைகள். இத்தனை செலவு தகுமா என்று என்னைக் கேட்டால், எந்தக் கட்டணமும் இல்லாமல் ஊர் மக்கள் ஏறி நின்று தங்கள் ஆற்றைப் பார்க்க முடிகிற அந்த மாடத்துக்காகவே தகும் என்பேன்.

இரவுச் சாப்பாட்டுக்கு லாப்ஸ்கவுஸ். உப்புக்கண்ட மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, வெங்காயம், பீட்ரூட் எல்லாம் சேர்த்து மசித்த இளஞ்சிவப்புக் கூழ். மேலே பொரித்த முட்டை, பக்கத்தில் வெள்ளரிக்காய் ஊறுகாயும் சுருட்டிய ஹெர்ரிங்கும். பார்வைக்கு ஒன்றும் இல்லை. மாதக்கணக்கில் கடலில் கிடந்து, பல் ஆட்டம் கண்ட மாலுமிகள் மெல்லாமல் விழுங்க ஏற்ற சாப்பாடு என்கிறார்கள். முட்டையை உடைத்து, புளிப்பான மீனோடு சேர்த்துச் சாப்பிட்டால் மழைநாளில் வீட்டில் கிடைக்கும் சாப்பாட்டின் நிறைவு. தம்பி என் தட்டிலும் கை வைத்தான்.

சனி, மாலை 6:00

இரவு நீளமாக இருக்கப் போகிறது, அதனால் பகலை இப்போதே எழுதிவிடுகிறேன்.

காலையில் புனித நிக்கோலாய் கோயில். கோயில் என்றால் கோபுரமும் சில சுவர்களும்தான். 147 மீட்டர். 1874 முதல் இரண்டு வருடம் உலகிலேயே உயரமான கட்டடமாக இருந்தது. வரைந்தவர் ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட் என்ற ஆங்கிலேயர். 1943 ஜூலையில் பிரிட்டிஷ், அமெரிக்க விமானங்கள் இந்த நகரத்தைக் குண்டுபோட்டு எரித்தபோது, விமானிகளுக்கு இந்தக் கோபுரமே அடையாளமாக இருந்தது. தீ, புயலாக மாறித் தெருவில் ஓடியவர்களை இழுத்துக்கொண்டது. 30,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கூரையில்லாத கோயில் தரையில் நின்றால் மேலே வெறும் வானம். நிலவறையில் இருக்கும் கண்காட்சி, ஹாம்பர்க்கின் சாவுக்கு முன்பாக ஜெர்மனி மற்ற ஊர்களின்மேல் போட்ட குண்டுகளையும் மறைக்காமல் காட்டுகிறது. அந்த நேர்மை எனக்கு மிகவும் முக்கியமாகப் பட்டது.

பிறகு நகர மன்றம். 647 அறைகள், சுற்றிப் பார்க்க ஆட்கள் வரிசையாக நின்றார்கள். நாங்கள் உள்முற்றத்தோடு நின்றுகொண்டோம். அங்கே ஒரு நீரூற்று, நடுவில் ஆரோக்கியத்தின் தேவதை. அழகுக்காக வைத்தது போலத் தெரியும். 1892-இல் இந்த ஊரில் வந்த காலராவின் நினைவு அது. சில வாரங்களில் 8,600 பேர் செத்தார்கள். பணக்கார ஹாம்பர்க், குடிநீரை எல்பேயிலிருந்து வடிகட்டாமல் அப்படியே குழாயில் விட்டுக்கொண்டிருந்தது. மணல் வடிகட்டி வைக்கச் செலவாகும் என்று வருடக்கணக்கில் தள்ளிப்போட்டார்கள். ஒட்டினாற்போல் இருந்த அல்டோனா, ஹாம்பர்க்கின் கழிவு கலந்து வரும் கீழ்நீரைத்தான் எடுத்தது. ஆனால் மணலில் வடிகட்டியது. இரண்டு ஊரின் எல்லையாக இருந்த தெருவில் ஒரு பக்கம் சாவு, மறுபக்கம் ஏறக்குறைய ஒன்றுமில்லை. நோயை ஆராய வந்தவர் ராபர்ட் கோக். தண்ணீரில்தான் காலரா வருகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. பணத்தை மிச்சம் பிடித்தவர்கள் கூடும் மாளிகையின் நடுமுற்றத்திலேயே அந்தத் தண்ணீர் இன்றும் ஓடுகிறது.

அந்த அல்டோனா வேறு அரசு. 1640 முதல் 1864 வரை அங்கே ஆண்டவர் டென்மார்க் அரசர். அதே அரசரின் கொடிதான் 1845 வரை நம் தரங்கம்பாடிக் கோட்டையிலும் பறந்தது. அதாவது இருநூறு ஆண்டுகள், அல்டோனாக்காரரும் தரங்கம்பாடிக்காரரும் ஒரே ராஜாவின் ஆளுகையில் இருந்திருக்கிறார்கள். இதைச் சொன்னதும் தம்பி தெருவிலேயே நின்றுவிட்டான். "ஒன்றரை வருஷமா அல்டோனாலதான் குடியிருக்கேன் அக்கா!"

திரும்பும் வழியில் பழைய எல்பே சுரங்கப்பாதை. 1911. ஆற்றுக்கு 24 மீட்டர் கீழே, 426 மீட்டர் நீளம். கப்பல் கட்டும் தளங்களுக்குத் தொழிலாளிகள் மழையிலும் பனியிலும் வேலைக்குப் போகக் கட்டினது. நடந்து போகக் கட்டணம் இல்லை. சுவரெல்லாம் வெளிர்நிற ஓடுகள், இடையிடையே மீன், நண்டு, எலி என்று ஆற்றுவாசிகளின் புடைப்புச் சிற்பங்கள். மண்ணுக்குள் வேலைக்குப் போகிறவர்கள் பார்க்க யாரோ இத்தனை அக்கறையோடு செய்திருக்கிறார்கள். அக்கரையில் ஏறி நின்று பாருங்கள், ஊரின் முழு முகமும் அங்கிருந்துதான் தெரியும்.

சரி, இரண்டு மணி நேரம் தூங்கிவிட்டுக் கிளம்புகிறோம்.

ஞாயிறு, காலை 9:00 (இன்னும் தூங்கவில்லை)

ரீப்பர்பான் தெரு என்றால் பாதி உலகத்துக்குச் சிவப்பு விளக்குதான் நினைவுக்கு வரும். பெயரின் பொருள் கயிற்றுப்பாதை. ரீப் என்றால் வடம். பாய்மரக் கப்பலுக்கு வேண்டிய தடித்த வடங்களைத் திரிக்க நீளமான நேர்க்கோட்டு நிலம் வேண்டும். மதிலுக்குள் இடமில்லாததால் கயிறு திரிப்பவர்களை வெளியே அனுப்பினார்கள். அவர்கள் மட்டுமா? திமிங்கில எண்ணெய் காய்ச்சுகிறவர்கள், கொள்ளைநோய் மனை, கூத்தாடிகளின் கொட்டகை என்று நாற்றமும் சத்தமும் உள்ள எல்லாவற்றையும் ஊருக்கு வெளியே இந்த சாங்க்ட் பவுலியில் தள்ளினார்கள். இருட்டியதும் ஊர்க்கதவைச் சாத்துவார்கள். அதற்கு மேல் உள்ளே வரக் காசு கொடுக்க வேண்டும். 1860 வரை அப்படித்தான். மாதக்கணக்கில் கடலில் இருந்து வந்த மாலுமியின் கையில் சம்பளம், ஊரோ சாத்திக் கிடக்கிறது, வெளியே கொட்டகையில் பாட்டும் சாராயமும். இந்தத் தெருவின் இரவு அப்படிப் பிறந்தது.

இரவு பத்தரைக்கு இன்னும் மேற்கே வெளிச்சம் இருந்தது. நடைபாதை முழுக்கக் கூட்டம். திருமணத்துக்கு முந்தைய கொண்டாட்டமாக ஒரே நிறச் சட்டையில் பெண்கள் கூட்டம், நாடகம் விட்டு வரும் வயதானவர்கள், எலும்பு மண்டையோட்டுக் கொடி போட்ட சட்டையில் உள்ளூர் கால்பந்து அணியின் ரசிகர்கள். தெருமூலையில் சின்னதாக ஒரு செங்கல் காவல் நிலையம், டேவிட்வாஹ. 1914-இல் கட்டியது. போலீஸ் நிறையப் பேர் நடமாடுகிறார்கள். ஒரு பெண்ணாக எனக்குப் பயம் எங்கும் வரவில்லை. ஆனால் கைப்பையை முன்னால் போட்டுக்கொள்ளுங்கள்.

ஓர் இடத்தில் மட்டும் மனம் சுருங்கியது. ஹெர்பெர்ட்ஷ்ட்ராஸ என்ற சந்தின் இரு முனையிலும் இரும்புத் தடுப்பு. பதினெட்டு வயதுக்குக் கீழுள்ளவர்களும் பெண்களும் உள்ளே வரக்கூடாது என்று எழுதியிருக்கிறது. உள்ளே கண்ணாடி ஜன்னல்களுக்குப் பின்னால் பெண்கள் அமர்ந்திருப்பார்கள். தடுப்பை வைத்தது 1933-இல், நாஜி ஆட்சியில். ஒழிப்பதாகச் சொன்ன தொழிலைத் தட்டி வைத்து மறைத்துவிட்டுத் தொடர விட்டார்கள். இங்கே அது சட்டப்படியான தொழில், வரி கட்டுகிறார்கள், உரிமைக்காகப் பேசுகிறார்கள், எல்லாம் தெரியும். ஆனாலும் பெண்கள் வேலை செய்யும் தெருவுக்குள் இன்னொரு பெண் நுழையக்கூடாது என்ற பலகையின் முன்னால் என்னால் அதிக நேரம் நிற்க முடியவில்லை. தம்பி எதுவும் சொல்லாமல் என்னோடு திரும்பி நடந்தான்.

அங்கிருந்து க்ரோஸே ஃப்ரைஹைட், பெருவிடுதலைத் தெரு. இரவுக் கூத்துக்கு வைத்த பெயர் என்று நினைத்திருந்தேன். 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அல்டோனாவை ஆண்ட பிரபு, ஹாம்பர்க்கில் இடம் கிடைக்காத கத்தோலிக்கர்களும் மென்னோனைட்டுகள் என்ற சிறு கிறிஸ்தவப் பிரிவினரும் வழிபடவும், சங்கத்தில் சேராத கைவினைஞர்கள் தொழில் செய்யவும் இங்கே விடுதலை கொடுத்தார். பெயர் அதனால் வந்தது. இரண்டு பக்கமும் வண்ண விளக்கு, நடுவில் ஒரு கத்தோலிக்கக் கோயில், இன்றும்.

இந்தத் தெருவின் இந்திரா என்ற விடுதியில்தான் 1960 ஆகஸ்ட் 17 அன்று பீட்டில்ஸ் இசைக்குழுவினர் முதன்முதலாக ஹாம்பர்க்கில் வாசித்தார்கள். ஐந்து பையன்கள். ஒரு திரையரங்கின் பின்னால், கழிப்பறைக்குப் பக்கத்தில், ஜன்னலில்லாத அறையில் படுக்கை. இரவில் மணிக்கணக்காக வாசிக்க வேண்டும், நிறுத்தினால் மாலுமிகள் சத்தம் போடுவார்கள். அவர்களில் ஜார்ஜ் ஹாரிசனுக்கு வயது பதினேழுதான். அது தெரிந்ததும் நாட்டைவிட்டு அனுப்பினார்கள். மறுபடி வந்தார்கள், 1962 டிசம்பர் வரை வந்துகொண்டே இருந்தார்கள். இந்த இரவுகள்தான் அவர்களைச் செதுக்கின என்பதை நான் முழுதாக நம்புகிறேன். குடித்துவிட்டுச் சண்டை போடும் கப்பல்காரர்களைப் பாட்டால் கட்டிப்போடப் பழகியவர்களுக்கு வேறு எந்த மேடை கடினம்?

ஒரு நிலவறை விடுதியில் இறங்கினோம். உள்ளூர்ப் பையன்கள் நான்கு பேர் பழைய ராக் அண்ட் ரோல் வாசித்தார்கள். நான் அல்ஸ்டர்வாசர் குடித்தேன், பீரில் பாதி எலுமிச்சைச் சோடா. பாடகன் குரல் கமறக் கமறப் பாடினான். சுவரெல்லாம் வியர்த்திருந்தது. எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு பாட்டி மேடைக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு தனியாக ஆடிக்கொண்டிருந்தார். பதினேழு வயதில் அவர் இதே தெருவில் ஆடியிருப்பாரோ என்னவோ. கேட்கத் தைரியம் வரவில்லை.

மூன்று மணிக்குத் தெருவோரத்தில் தொத்திறைச்சி, தக்காளிச் சாறும் கறித்தூளும் போட்டது. அந்த நேரத்துக்கு அமிர்தம். நாலரைக்கு வானம் வெளுத்தது. "தூங்காதே அக்கா, இனிமேதான் முக்கியமானது" என்று தம்பி ஆற்றை நோக்கி இறங்கினான்.

ஃபிஷ்மார்க்ட். 1703-லிருந்து நடக்கும் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை. கோடையில் காலை ஐந்துக்குத் திறந்து ஒன்பதரைக்கு மூடிவிடும். மீன் கெட்டுப்போகும் என்பதால் ஞாயிறன்றும் விற்க அனுமதி, ஆனால் பூசைக்கு முன்னால் முடித்துவிட வேண்டும். முந்நூறு வருடத்துக்கு முந்தைய அந்தக் கணக்கில்தான் இன்றைக்கும் கடை கட்டுகிறார்கள்.

ஏலம் போடும் குரல் தூரத்திலேயே கேட்டது. புகைபோட்ட விலாங்கு மீனைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டி ஒருவர் கத்துகிறார். பையில் ஒரு மீன், இன்னொரு மீன், அதற்கும் மேல் ஒன்று என்று போட்டுக்கொண்டே விலையைக் குறைக்கிறார். பழ வண்டிக்காரர் கூட்டத்தில் வாழைப்பழத்தை வீசுகிறார். தொட்டிச் செடியைக் கட்டிப்பிடித்தபடி, இரவு முழுவதும் ஆடிய உடையோடு ஒரு பெண் வீட்டுக்குப் போகிறாள். எங்கள் ஊர் மீன்பிடித் துறைமுக ஏலத்தின் அதே தாளம். மொழி புரியவில்லை, விலை புரிந்துவிட்டது.

பக்கத்தில் 1896-இல் கட்டிய பழைய மீன் ஏல மண்டபம், இரும்பும் கண்ணாடியும் செங்கலுமாக. உள்ளே ஒரு குழு வாசிக்கிறது. தூங்காதவர்களும், அதிகாலையில் எழுந்து சீவி முடித்து வந்த தாத்தா பாட்டிகளும் ஒரே நீள மேசையில் அமர்ந்து காபி குடிக்கிறார்கள். இந்த மண்டபம் வெள்ளத் தடுப்புக்கு வெளியே இருக்கிறது. புயல் நாட்களில் ஆறு உள்ளே வரும், போகும். 1962 பிப்ரவரியில் ஓர் இரவில் வந்த கடல்வெள்ளம் ஹாம்பர்க்கில் 315 உயிர்களைக் கொண்டுபோனது. அதற்குப் பிறகுதான் கரைகளை இத்தனை உயர்த்தினார்கள்.

பொரித்த மீன் ரொட்டி ஒன்றைப் பகிர்ந்துகொண்டோம். தம்பி மேசையிலேயே தலை சாய்த்துத் தூங்கிப்போனான்.

ஞாயிறு, இரவு

மத்தியானம் மூன்றுக்கு எழுந்து ஃபெட்டல் தீவில் இருக்கும் பாலின்ஷ்டாட் போனோம். 1850-இலிருந்து 1934 வரை ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஹாம்பர்க் வழியாகக் கப்பலேறிப் புலம்பெயர்ந்தார்கள், பெரும்பாலும் அமெரிக்காவுக்கு. வறுமையும் படுகொலைகளும் துரத்தக் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதர்கள் அவர்களில் ஏராளம். 1892 காலராவுக்கு இவர்கள்மேல்தான் பழி விழுந்தது. கப்பல் நிறுவனத் தலைவர் ஆல்பர்ட் பாலின் 1901-இல் இந்தத் தீவில் தங்கும் கூடங்களைக் கட்டினார். மருத்துவச் சோதனை, படுக்கை, யூத முறைப்படி தனிச் சமையல், எல்லாம் இருந்தன. நகருக்குள் இவர்கள் வராமலும் பார்த்துக்கொண்டார்கள். பெயர்ப் பதிவேடுகள் இன்றும் இருக்கின்றன. எங்களுக்கு முன்னால் ஓர் அமெரிக்கக் குடும்பம் கணினித் திரையில் தங்கள் கொள்ளுத்தாத்தா பெயரைத் தேடிக்கொண்டிருந்தது. கிடைத்ததும் அந்த அம்மா திரையின்மேல் விரலை வைத்தார், எடுக்கவில்லை.

இன்று இதற்கு மேல் எழுத முடியவில்லை.

திங்கள், காலை 10:30, ரயில் நிலையம்

ஒன்பது மணிக்கே மிஷெல் கோயில் கோபுரத்தில் ஏறினோம். 452 படிகள். மேலே காற்று ஆளைத் தள்ளியது. இத்தனை நாள் நடந்த இடமெல்லாம் காலடியில் கிடந்தது: கயிறு திரித்த தெரு, மீன் மண்டபம், கிடங்குகளின் பச்சைக் கூரை, கிளம்பிப் போகும் ஒரு சரக்குக் கப்பல்.

இறங்கிப் பெட்டியோடு வாசலில் நிற்கும்போது பத்து மணி அடித்தது. தம்பி "கொஞ்சம் இரு" என்று கையைப் பிடித்தான். மேலே ஒரு ஜன்னல் திறந்தது. எக்காளத்தில் யாரோ ஒரு வழிபாட்டுப் பாட்டை வாசித்தார். முந்நூறு வருட வழக்கமாம். ஒரு திசைக்கு வாசித்து முடித்து, அடுத்த ஜன்னலுக்குப் போய் மறுபடி முதலிலிருந்து. நான்கு திசைக்கும் அப்படித்தான். எங்களுக்கு எதிர்ப்பக்கம் திரும்பியபோது ஒலி மிகவும் மெலிந்து, கூரைகளுக்கு அப்பால் வேறு யாருக்கோ கேட்டுக்கொண்டிருந்தது. ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று தெரிந்தும், அது முடியும்வரை நின்றோம்.